ஹொரணைக்குத் திரும்பிய அச்சுகள்

1

மஞ்சுளா போன வாரம் வேலைக்குத் திரும்பினாள். வந்ததும் வராததுமாக என் மேசையில் ஒரு பொதி தேயிலையையும், ஓலையில் சுற்றிய கித்துள் மரத்துக் கருப்பட்டியையும் வைத்தாள்.

"உங்க ஊர்ல வாங்கினது மேடம்" என்றாள்.

ஓசூர்ப் பக்கம், கர்நாடக எல்லையோரத்துக் கிராமப் பெண். இதற்கு முன் சேலத்தைத் தாண்டியதில்லை. இப்போது என் நாட்டில் மூன்று மாதம் வேலை செய்துவிட்டு வந்து, என் நாட்டுத் தேயிலையை எனக்கே பரிசாகத் தருகிறாள். அவள் இயந்திரப் பக்கம் போன பிறகு பொதியை மணந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இதை ஊரில் உள்ள உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இலங்கையின் வடக்கே கொக்குவிலில் பிறந்தவள். கொழும்புப் பக்கம் மொறட்டுவையில் படித்து, அங்கிருந்து உள்ளே தள்ளி ஹொரணைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் பொறியியலாளராகச் சேர்ந்தேன். எங்கள் முதலாளி இந்தியாவில் சிறிய கிளை ஒன்று தொடங்க எண்ணி, சூளகிரியில் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தோம், நானும் கணவரும், அப்போது நடை பழகிக்கொண்டிருந்த மகள் ஆரணியும். ஆரணிக்கு இப்போது பதினொரு வயது.

ஏன் சூளகிரி என்று கேட்பீர்கள். ஓசூரைச் சுற்றி மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் லொறியும் செய்கிற பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் சின்னச் சின்ன ரப்பர்த் துண்டுகள் தேவை: கால் வைக்கும் கம்பிக்கு உறை, பெற்றோல் தாங்கிக்கு அடியில் மெத்தை, இப்படிப் பல. எங்களிடம் ரப்பர் இருக்கிறது, வண்டி செய்கிற பெரிய ஆலைகள் இல்லை. இரண்டு நாடுகளுக்கும் இடையே பழைய வர்த்தக உடன்படிக்கை ஒன்று உண்டு. இலங்கையில் செய்த பொருள் என்ற சான்றிதழோடு வந்தால் சுங்கத் தீர்வை குறைவு. பத்திரிகைகளில் இதை இருதரப்பு வர்த்தகம் என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால், கொழும்பிலிருந்து சென்னைக்குக் கப்பலிலும், அங்கிருந்து கிருஷ்ணகிரி வழியாக லொறியிலும் வந்து இறங்குகிற கறுப்பு ரப்பர்க் கட்டிகளின் வாசம்தான் நினைவுக்கு வரும்.

2

தமிழர் ஊருக்குத்தானே போகிறோம், மொழிப் பிரச்சினை இருக்காது என்று நினைத்து வந்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் சையத் அண்ணன். கிருஷ்ணகிரிக்காரர், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள். நான் எங்கள் வழக்கப்படி அண்ணன் என்றேன். அதுவே அவருக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. அவர் தொழிலாளிகளோடு தமிழிலும், லொறிக்காரரோடு கன்னடத்திலும், காவலாளியோடு தெலுங்கிலும் ஒரே மூச்சில் பேசுவார். என் தமிழ்தான் அவருக்குச் சிரமமாக இருந்தது.

தொடங்கிய புதிதில் ஒரு பெடியன், ரப்பரை உள்ளே வைத்து அழுத்தி உருவமாக்குகிற சூடான அச்சை அவசரமாகக் கழற்றப் போனான். கை சுட்டுவிடும் என்று பயந்து, "ஆறுதலாச் செய்யும் தம்பி" என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். நான் வேறு அலுவலாகப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அப்படியே நிற்கிறான். அச்சு குளிர்ந்துபோய், உள்ளே ரப்பர் வீணாகிக் கிடக்கிறது.

"நீங்கதான மேடம் ஆறட்டும்னு சொன்னீங்க" என்றான்.

சையத் அண்ணன் வந்து விசாரித்தார். ஆறுதலாக என்றால் எங்கள் ஊரில் நிதானமாக என்று அர்த்தம் என்று விளக்கினேன். "நீங்க பேசுறது தமிழுதான் மேடம். ஆனா பாதி எறங்க மாட்டேங்குது" என்றார். அன்றிலிருந்து நான் பேசி முடித்ததும், தொழிலாளிகள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் இன்னொரு முறை சொல்வார்.

வீடு தேடியபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த கேம்ப்மா நீங்க?" இந்த மாவட்டத்தில் எங்கள் அகதிகளின் முகாம்கள் இருக்கின்றன. நம் தமிழைக் கேட்டாலே அந்தக் கேள்வி வந்துவிடும். வேலைக்காக வந்தவர்கள், கம்பெனி அனுப்பியது என்றால் நம்ப முடியாமல் பார்ப்பார்கள். இலங்கையிலிருந்து ஒரு கம்பெனி இங்கே முதலீடு செய்யும் என்பதே அவர்களுக்குப் புதிது. கடைசியில் ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் மாடி வீட்டைத் தந்தது. முகாமாக இருந்தாலும் கம்பெனியாக இருந்தாலும் தண்ணீர் காலையில்தான் வரும் என்றார் வீட்டுக்காரர். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை.

வதிவிட அனுமதி புதுப்பிக்கிற கதையும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் வாடகை ஒப்பந்தம், கம்பெனிக் கடிதம், பாடசாலைச் சான்று எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவோம். ஒவ்வொரு முறையும் அது எங்கள் பெயரில் வந்து முட்டும். என் கடவுச்சீட்டில் என் தகப்பனார் பெயர், கணவருடையதில் அவருடைய தகப்பனார் பெயர், மகளுடையதில் கணவர் பெயர். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர், ஒரே குடும்பம் என்பது எப்படி? ஒருமுறை நேரில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பெண் அலுவலர் மூன்று கடவுச்சீட்டுகளையும் வரிசையாக விரித்துப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் இப்படித்தாங்க, எல்லாம் இனிஷியல்தான். நமக்குப் புரியுது, கம்ப்யூட்டருக்குத்தான் புரியாது" என்றார். பிறகு எந்த இடத்தில் என்ன எழுதினால் அது ஏற்றுக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார். இன்றுவரை அப்படியே எழுதுகிறோம்.

3

ஊரில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த ஆண்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வரிசையில் நின்றீர்கள். நான் அதை இங்கிருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். எது கடினம் என்று கேட்கமாட்டேன். பார்த்துக்கொண்டிருப்பதும் இலேசாக இருக்கவில்லை.

ஒருநாள் ஆரணி பாடசாலையிலிருந்து வரும்போது கையில் ஒரு துணிப்பை. உள்ளே பால்மாப் பெட்டிகள். அவளோடு படிக்கிற பிள்ளையின் தாய் கொடுத்தனுப்பியிருந்தார், உங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள் என்று. ஆரணி பையைக் கதவடியில் போட்டுவிட்டு அழுதாள்.

"எல்லாரும் நம்மள பாவம்னு நெனைக்கிறாங்கம்மா. எனக்கு வேணாம். நீங்களே திருப்பிக் குடுத்துருங்க."

அவள் கோபத்திலும் ஓசூர்த் தமிழில்தான் கோபப்பட்டாள். என் கணவர்தான் பெட்டிகளை எடுத்து அடுக்கினார். "பாவம் எண்டு நினைச்சா வாயால சொல்லிப்போட்டுப் போவினம், பிள்ளை. இது காசு குடுத்து வாங்கினது" என்றார். அடுத்த மாதம் அவர் பெங்களூரிலிருந்து ஊருக்கு விமானம் ஏறியபோது அந்தப் பெட்டிகளும் போயின. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் போன காலம் அது. எங்கள் துணிப்பை அதில் ஒரு துளி.

ஹொரணைத் தொழிற்சாலை அப்போது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ரப்பர் அச்சுகள் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் உள்ளே இருப்பது எல்லாம் குப்பை. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர், பெரிய இயந்திரங்களின் அதிர்வைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளை எங்களிடம்தான் வாங்குவார். அவர் வேறு நாடு பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஹொரணையில் உற்பத்தியைப் பார்க்கிற முகாமையாளர் நிமல் என்னை அழைத்தார். என்னோடு ஒன்றாக வேலை பழகியவர். சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அச்சுகளை உங்களுக்கு அனுப்புகிறோம். நீங்கள் செய்து கொடுங்கள். இல்லாவிட்டால் இந்த வாடிக்கையாளர் போய்விடுவார். போனால் நாங்கள் திரும்ப எழும்பமாட்டோம்."

4

அச்சு என்றால் சின்னச் சாமான் என்று நினைக்காதீர்கள். உருக்குப் பாளங்கள். ஒன்றைத் தூக்கவே பாரந்தூக்கி வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் அவை இயந்திரமா, கருவியா, பழைய இரும்பா என்று முடிவாக இரண்டு வாரம் ஆனது. தற்காலிகமாகத்தான் கொண்டுவருகிறோம், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவோம் என்று நான் கைச்சாத்திட்டு எடுத்து வந்தேன்.

சையத் அண்ணன் அவற்றைத் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் போலப் பார்த்துக்கொண்டார். துருவைத் தானே துடைத்தார். எங்களுக்குப் பழக்கமில்லாத அளவு, பழக்கமில்லாத கலவை. முதல் மாதம் செய்ததில் பெரும்பகுதி கழிவாகப் போனது. ஹொரணையிலிருந்து நிமல் வீடியோவில் பார்த்துச் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், சையத் அண்ணன் அதைத் தமிழில் சொல்வார். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நடந்தது.

பிறகு கை பழகியது. சூளகிரியிலிருந்தும் பேரிகையிலிருந்தும் பெண்களை எடுத்து இரண்டாவது ஷிப்ட் தொடங்கினோம். மஞ்சுளா அப்படி வந்தவள்தான். வீட்டில் தெலுங்கு, அயலில் கன்னடம், வேலையில் தமிழ். கணவர் லொறி ஓட்டுகிறார். சூட்டோடு கட்டையை வெளியே எடுத்ததும், விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே சரியா பிழையா என்று சொல்கிற அளவுக்குத் தேறினாள்.

வாடிக்கையாளர் போகவில்லை. அந்த வருமானத்தில் இருந்துதான் ஹொரணையில் வேலை இல்லாத மாதங்களிலும் ஆட்களுக்கு அடிப்படைச் சம்பளம் போனது. தாய்த் தொழிற்சாலை பெற்ற பிள்ளை, தாய்க்குச் சோறு போட்டது. நான் அந்த நாட்களில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகிற லொறிகளைப் பார்ப்பேன். அவற்றில் எங்கள் கட்டைகளும் எங்கேயோ போகின்றன என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

5

ஊர் மெல்ல எழும்பியது. மின்வெட்டு நின்றது, டீசல் கிடைத்தது. அச்சுகள் மட்டும் இங்கேயே இருந்தன. யாரும் அவசரப்படவில்லை. ஐரோப்பிய வாடிக்கையாளரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது முதலாளி என்னிடம் பேசினார்.

"அங்கேயே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். கரண்ட் நிற்பதில்லை, ஆட்களும் கிடைக்கிறார்கள். தீர்வையைக் கட்டிவிடலாம். நீ என்ன சொல்கிறாய்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு அடுத்த நாளே நிமல் அழைத்தார். அவர் முதலாளியைக் குறை சொல்லவில்லை. அந்த அச்சுகளில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் மத்திய கிழக்குக்கும் கொரியாவுக்கும் போய்விட்டார்கள், மீதிப்பேர் வாசல் கூட்டியும் தோட்டம் துப்புரவு செய்தும் சம்பளம் வாங்குகிறார்கள் என்றார். "அவர்கள் தினமும் என்னிடம் கேட்கிறார்கள், எப்போது வரும் என்று. நான் என்ன சொல்லட்டும்?"

சையத் அண்ணனோடு பேசாமல் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. மத்தியானம் நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனேன். விசயத்தைச் சொன்னேன்.

"குடுக்கக்கூடாது மேடம்" என்றார் உடனே. "வந்தப்ப நாமதான எறக்கி, தொடச்சி, ஒரு மாசம் ரிஜெக்ட் பாத்துப் பாத்துக் கத்துக்கினோம். இப்ப நல்லா ஓடுது. இப்பப் போயித் தூக்கிக் குடுன்னா? ரெண்டாவது ஷிப்ட்டு லேடிஸ்ங்க எங்க போவாங்க?"

"அது அவையின்ர அச்சு, அண்ணன்."

"கம்பெனி ஒண்ணுதான மேடம். இதுல அவங்க என்ன, நாம என்ன?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் ஹொரணையில் மிஞ்சியிருப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். வாசல் கூட்டுகிறார்கள் என்றதும் குடித்துக்கொண்டிருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

"அந்த அச்ச வச்சி ப்ரஸ் ஓட்டுன ஆளுங்களா?"

"ஓம். இருபது வருசம் ஓட்டினவையும் இருக்கினம்."

சாலையில் போன லொறி ஒன்றைக் காட்டினார். "நான் முன்ன வேல பாத்த கம்பெனிய மூடுனாங்க மேடம். மெஷின எல்லாம் வேற ஊருக்கு ஏத்திக்கினு போனாங்க. கேட்டாண்ட நின்னு பாத்தேன். நான் ஓட்டுன மெஷின் லாரில போவுது, நான் கீழ நிக்கறேன்." தேநீருக்கான காசை என்னைக் கொடுக்க விடாமல் அவரே கொடுத்தார். "அனுப்பிருங்க. ஆனா இங்க ஆளுங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்கு வாய் வராது. அப்புறம், இங்கயும் வேற வேல புடிச்சிக் குடுக்கணும். சும்மா உட்ரக் கூடாது."

முதலாளியிடம் அப்படியே சொன்னேன்: அச்சுகள் திரும்பட்டும், கையில் இருக்கிற ஆர்டர் இங்கே முடியட்டும், அந்த இடத்துக்கு வண்டி உதிரிப்பாக வேலையைக் கூட்டுவதற்கு எனக்கு அவகாசம் தாருங்கள். ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "நீ இந்தியாவில் இருந்துகொண்டு ஹொரணைக்காக வழக்காடுகிறாய்" என்றார். சரி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

6

இரண்டாவது ஷிப்ட் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியதை யாரும் மறுபடி சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லாம் விளங்கியது.

மஞ்சுளாதான் முதலில் பேசினாள். "அங்க இருக்கறவங்களுக்கு வேல வேணும்னா, எங்களுக்கு வேணாமா மேடம்?"

"வேணும். தேடிக்கொண்டிருக்கிறன். கிடைக்கும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. கிடைக்கும்வரை ஒருத்தரையும் நிப்பாட்ட மாட்டம், ஆனால் கிழமையில மூண்டு நாள்தான் வேலை இருக்கும்."

"மூணு நாளு சம்பளத்துல எப்படி மேடம் ஓட்றது?"

ஓட்டுவது கடினம்தான் என்றே சொன்னேன். அடுத்த மாதத்துக்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் கைத்தொலைபேசி செய்கிற ஆலைகளுக்கு. ஓசூர் பக்கம் வேலை தேடுகிற பெண்களுக்கு ஆலைகள் உண்டு, அந்த அளவில் என் மனம் தேறியது. சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி என் முகம் பார்க்காமல் போனாள். அவள் மேல் எனக்குக் குறை இல்லை.

அச்சுகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தபோது நிமல் மீண்டும் அழைத்தார். அச்சு வந்தாலும் பழைய கைகள் போதாது, புதிதாக எடுத்த பிள்ளைகளுக்குப் பழக்கிவிட இரண்டு பேரை மூன்று மாதத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். இதை யாரிடம் எந்த வாயால் கேட்பது என்று நான் திகைத்திருக்க, சையத் அண்ணன் போய்க் கேட்டுவிட்டார். மஞ்சுளா வந்து நின்றாள்.

"நான் போறேன் மேடம்."

"கோவம் இல்லையா?"

"கோவந்தான். அதுக்காக அந்தக் கட்டைய எவளோ தப்பாச் செய்யறத உட முடியுமா?"

இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கடவுச்சீட்டு விசாரணைக்கு மஞ்சுளாவின் கிராமத்துக்குப் போலீஸ்காரர் வந்ததும், என்ன குற்றம் செய்தாள் என்று ஊரே கூடிவிட்டதாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் கூட்டம் இன்னும் பெருத்ததாம்.

அவர்கள் போன வேளையில்தான், ஊரில் வருடக்கணக்காக மூடியிருந்த வாகன இறக்குமதியைத் திறந்தார்கள். வண்டி செய்கிற எங்கள் ஓசூர் வாடிக்கையாளர் ஒருவர், இலங்கைக்கும் நேபாளத்துக்கும் போகிற வண்டிகளுக்கு ரப்பர் மெத்தை கூடுதலாக வேண்டும் என்றார். இரண்டாவது ஷிப்ட் திரும்பத் தொடங்கியது, முன்பைவிடச் சிறிதாக. போனவர்களில் சிலர் திரும்பி வந்து கேட்டார்கள். எடுத்துக்கொண்டோம். என் முகம் பார்க்காமல் போனவள் வரவில்லை. வேறு இடத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாளாம்.

7

ஹொரணையிலிருந்து மஞ்சுளா எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். முதல் வாரம் மிகவும் குழம்பியிருந்தாள். "எங்கிட்ட வேல கத்துக்கற பொண்ணு, எதச் சொன்னாலும் 'எப்பா'ங்கறா மேடம். நம்மளப் பாத்து ஆச்சரியப்படறான்னு நானும் சந்தோசப்பட்டுக்கினு இருந்தேன்." சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நான் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு முழுவதும் அடுத்த செய்தியில் வந்தது. மாதம் முடியுமுன் அந்தப் பெண்ணும் விரலால் அழுத்திப் பார்த்துக் கட்டை சரியா பிழையா என்று சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று நிமல் சொன்னார்.

இரண்டாவது மாதம் ஒரு நீண்ட விடுமுறை வந்தது. இங்கே எங்கே போகலாம் என்று மஞ்சுளா கேட்டாள். கண்டி, காலி என்று சொன்னேன். "அதெல்லாம் சரி மேடம், உங்க வீடு எங்க?" என்றாள். வடக்கே கொக்குவில், தூரம், ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டும் என்றேன். இரண்டு பேரும் ரயில் ஏறிவிட்டார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் கொக்குவிலில் இருந்து அம்மா அழைத்தா. அம்மா தம்பியோடு இருக்கிறா. நான் இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும், "அந்நிய இடம் பிள்ளை, கவனம்" என்று சொல்லித்தான் வைப்பா. ஆரணியோடு பேசினாலும் அதேதான். அவள் பதில் சொல்கிற தமிழைக் கேட்டு, படத்தில் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள் என்று முதலில் சிரிப்பா, பிறகு வேறு கதைக்கு மாறிவிடுவா.

அன்று அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ரெண்டு பிள்ளையளும் வந்தவை. புட்டு அவிச்சுக் குடுத்தனான். உப்புமா எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவளவை."

"வீட்டைக் கண்டுபிடிச்சு வந்தவையோ?"

"ஸ்டேசன்ல இருந்து விசாரிச்சு விசாரிச்சு நடந்து வந்தவை. கதைக்கிறது பாதி எனக்கு விளங்கேல்லை. அந்த மஞ்சுளா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'நீங்க கவலப்படாதீங்கம்மா, மேடத்த நாங்க பாத்துக்கறோம்' எண்டாள். அது விளங்கினது."

அம்மா பாத்திரம் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அங்க உன்ர ஊர்ச் சனம் உன்னைக் கவனமா, வடிவாப் பாக்கினம் போல, பிள்ளை. நான் இனிப் பயப்பிட மாட்டன்."

"ஓம் அம்மா, வடிவாப் பாக்கினம்" என்றேன்.